குரைக்காமல் பழக்கிய நாய்

எங்கள் நாய்க்கு விசர் என்கிற வெறிநோய் இருந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அது பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கடித்தது தொண்ணூற்றோராம் ஆண்டு. அப்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் யுத்தத்தால் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் கிடைப்பதே அரிது. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். விசர்நாய்க்கடி பற்றி எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியவன். அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நாயைக் குட்டியாகக் கொண்டுவந்தது அதற்கு மூன்று வருடங்களுக்கு முன். படையினர் ஒழுங்கைகளில் ரோந்து வந்த காலம். நாய் குரைத்தால் அந்த வீட்டுப் படலை தட்டப்படும். அதனால் சிலர் தங்கள் நாய்களைத் தூரத்து ஊர்களில் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. பழக்கிப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் குட்டியின் வாயைக் கையால் மெல்லப் பொத்துவேன். சத்தம் ஓயும்வரை அது சும்மா இருந்தால் தின்ன ஒரு தேங்காய்ச் சொட்டு, சின்னத் துண்டு. ஒருநாளும் அடித்ததில்லை. சில மாதங்களில் அது குரைப்பதை அடியோடு விட்டுவிட்டது. உறுமுவதுகூட இல்லை. பிறகு குண்டு போடும் விமானங்கள் வரத் தொடங்கியதும், இரைச்சல் கேட்டால் வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்கு, எங்கள் பங்கருக்குள், ஓடப் பழக்கினேன். யாரும் நஞ்சு வைத்துவிடக் கூடாதென்று, என் கையால் வைத்தால் மட்டும் சாப்பிடப் பழக்கினேன்.

"மாஸ்டரின்ரை நாய் ஓ.எல். சோதினை எடுக்கலாம்" என்று ஒழுங்கையில் பகிடி விட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

தடுப்பூசி விஷயத்திலும் நான்தான் ஒழுங்கைக்கே புத்தி சொன்னவன். வருடத்துக்கு ஒருமுறை போடவேண்டும், தவறக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னேன். எங்கள் நாய்க்கு முதல் வருடம் போட்டேன். அடுத்த முறை சைக்கிளில் ஒரு பெட்டி கட்டி அதைக் கொண்டுபோனபோது, மருந்தைக் குளிராக வைத்திருக்க வழியில்லை, அடுத்த கிழமை வாருங்கள் என்றார்கள். அடுத்த கிழமை மழை. அதற்கடுத்த கிழமை என்ன காரணம் என்று நினைவில்லை. நான் போகவில்லை. போடவில்லை என்று யாருக்கும் சொல்லவுமில்லை.

கடித்த அன்று காலை பத்து மணியிருக்கும். விமான இரைச்சல் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து எங்கள் பங்கருக்கு ஓடிவந்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் தையல் வேலை. இரண்டு பெண்பிள்ளைகளும் அப்போது பள்ளிக்கூடத்தில். கணவன் ஜெர்மனியில், ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான். நாய் முன்பே பங்கரின் இருட்டு மூலையில் படுத்திருந்தது. அவள் இறங்கிக் கையை நிலத்தில் ஊன்றினாள். ஒரு சத்தமும் இல்லாமல் அது முன்னங்கையைக் கவ்விவிட்டது.

விமானம் போனதும் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். என் மனைவி கலியாண வீடுகளுக்கென்று பொத்திவைத்திருந்த சவர்க்காரத் துண்டைக் கொண்டுவந்து தந்தாள். நான் நீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தேன்.

"என்ன மாஸ்டர், என்ரை கைக்கு வெள்ளாவி வைக்கிறியளோ? கொஞ்சம் சுண்ணாம்பும் மஞ்சளும் வைச்சுக் கட்டினால் காணும்."

"ஒண்டும் வைக்கக் கூடாது பிள்ளை. கழுவத்தான் வேணும்."

"நான் அதை மிதிக்கவும் இல்லை. அது பல்லைக் காட்டவும் இல்லை, உறுமவும் இல்லை. பிறகேன் கடிச்சது?"

அவளைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "நாய்க்கு ஊசி போட்டதோ?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்ற சொல் என் வாயில் வரவில்லை. "ஓம், போன வருசம்" என்றேன்.

"அப்ப நாயைக் கட்டிவைச்சுப் பத்து நாள் பாருங்கோ. இஞ்சை மருந்து சொட்டுத்தான் கிடக்கு, கட்டாயம் தேவையான ஆக்களுக்கு வைச்சிருக்கிறம். நாயிலை ஏதும் மாற்றம் தெரிஞ்சால் அண்டைக்கே இவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

என்ன மாற்றம் என்று கேட்டாள். இருட்டுத் தேடும், சாப்பிடாது, குரல் மாறும், காரணமில்லாமல் கடிக்கும் என்றார் டொக்டர். அந்தப் பட்டியல் எனக்குப் பாடம். ஆனால் அன்று ஒவ்வொன்றையும் எங்கள் நாயோடு வைத்துப் பார்த்தேன். இருட்டுக்குள் ஓடப் பழக்கினது நான். பிறர் வைத்தால் சாப்பிடாமல் பழக்கினது நான். குரலே இல்லாமல் ஆக்கினதும் நான். இனி நோயையும் என் பழக்கத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வீட்டுக்கு வந்து நாயை மாமரத்தில் கட்டினேன். பிறந்ததிலிருந்து கட்டாத நாய். முதல் நாள் சாப்பிட்டது. இரண்டாம் நாள் என் கையால் வைத்தும் முகர்ந்துவிட்டுப் படுத்தது. கட்டியதால் வந்த கோபமா, வேறா? தண்ணீர் குடித்தது. குடித்தால் நல்லது என்று நினைத்தேன். தண்ணீருக்குப் பயப்படுவது மனிதரில்தான், நாய்களில் அதை வைத்துச் சொல்ல முடியாது என்று பிறகு ஞாபகம் வந்தது. ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். காலையில் எழுதியதை மாலையில் வெட்டினேன்.

மூன்றாம் நாள் அதன் குரலைக் கேட்டாக வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. படலையைத் தட்டிப் பார்த்தேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தேன். கடைசியில் அதன் முன் குந்தியிருந்து நானே குரைத்தேன். அது வாலை ஆட்டிவிட்டு என் கையைப் பார்த்தது. தேங்காய்ச் சொட்டை எதிர்பார்த்ததோ என்னவோ.

வேலிக்கு அப்பாலிருந்து அவளுடைய குரல் வந்தது: "அக்கா, நாய் கடிச்சது எனக்கோ மாஸ்டருக்கோ?"

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இஞ்சாருங்கோ, என்ன விஷயம்? ஊசி போட்ட நாய்க்கு ஏன் இவ்வளவு பயப்படுறியள்?" என்று கேட்டாள். அவளிடமும் நான் மழுப்பினேன்.

நான்காம் நாள் காலை நாயின் வாயோரம் ஈரமாக இருந்தது. எச்சிலா, இப்போதுதான் குடித்த தண்ணீரா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மனைவியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "உங்கடை மரியாதை பெரிசோ, அவளின்ரை உயிர் பெரிசோ?"

வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் சட்டைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். "பிள்ளை, நாய்க்குப் போன வருசம் ஊசி போடேல்லை. நான் பொய் சொன்னனான்" என்றேன்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கைக்கட்டைப் பார்த்தாள். "நாலு நாள் மாஸ்டர். நாலு நாளும் இந்தக் கையாலைதான் பிள்ளையளுக்குச் சோறு குழைச்சுத் தீத்தினனான்." அதனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். "நீங்கள் இனி எனக்கு ஒண்டும் படிப்பிக்க வேண்டாம். சைக்கிளை எடுங்கோ" என்றாள்.

டொக்டர் அவள் முன்னாலேயே என்னை ஏசினார். ஏச வேண்டியதுதான். அன்றே ஊசி தொடங்கியது. நாங்கள் அங்கே இருந்த நேரம் மறுபடி விமானம் வந்திருக்கிறது. நாய் பங்கருக்கு ஓட இழுத்து இழுத்துக் கயிறு கழுத்தை இறுக்கியதாம். என் மனைவி அறுத்துவிட்டாள். "கண் முன்னாலை மூச்சுத் திணறிச் சாகட்டும் எண்டு விடச் சொல்லுறியளோ?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அது பங்கருக்குள் போகவில்லை, படலையால் பாய்ந்து ஓடிவிட்டது. ஒழுங்கை ஒழுங்கையாக மூன்று நாள் தேடினேன். வழியில் கண்டவர்களிடம் கிட்டப் போகவேண்டாம் என்று சொல்லிச் சொல்லித் தேடினேன். குரைக்காத நாயை எங்கே என்று தேடுவது?

ஒவ்வொரு ஊசிக்கும் நான்தான் தன்னை ஏற்றிப்போக வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிவிட்டாள். போகும்போதும் வரும்போதும் ஒரு சொல் கதைக்கமாட்டாள். கடைசி ஊசி அன்று டொக்டர் கேட்டார்: "அந்த நாய்க்கு என்ன நடந்தது?"

"தெரியாது."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி, "இதை நம்பலாம் டொக்டர். மாஸ்டரின்ரை வாயிலை தெரியாது எண்ட சொல் வர என்ரை கையிலை இத்தனை ஊசி குத்தவேண்டிக் கிடந்தது" என்றாள். டொக்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

ஊசி முழுவதும் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். என் படிப்பும் அதைத்தான் சொன்னது. ஆனால் இந்த நோய் அபூர்வமாக வருடங்கள் கழித்தும் தலைகாட்டும்; ஊசியில்லாமல் போன அந்த நாலு நாளை என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஊரை விட்டுப் போகும்வரை, காலையில் வேலிக்கு அப்பால் அவளுடைய தையல் மெஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் நான் தேத்தண்ணியில் வாய் வைப்பேன். அது பிந்துகிற நாட்களில் ஆறிப்போன கோப்பையை மனைவி எடுத்துக்கொண்டு போவாள்.