சாப்பாட்டு மேசையில் நாற்பத்தாறு வீடு

2023 நவம்பர் 9, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பது. விடாத தூறல். இரவு வாசலில் வைத்த வாளியில் இரண்டு அங்குலம் தண்ணீர் சேர்ந்திருந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த கிராமத்துக்கு ஆட்கள் குடிவந்துவிட்டதை அந்த நேரத்தில்தான் பார்த்தேன்.

கிராமம் நான் கட்டியது. ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும் பிளாஸ்டிக் கற்களால் ஆனது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், அவள் பெண் வளர்ந்துவிட்டாள், இனி இது வேண்டாம் என்று இரண்டு பக்கெட் நிறையக் கொண்டுவந்து ஆரணி வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். யாராவது குழந்தைக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். கொடுப்பதற்கு முன் எண்ணிப் பார்த்தேன். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணியதை நிறம் பார்த்துப் பிரித்தேன். பிரித்ததை அடுக்கினேன். அடுக்கியது வீடு மாதிரி இருந்தது. அதன் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் அரசாங்கத்தில் பயிர் விளைச்சல் கணக்கெடுக்கும் வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடைபோட்டு எழுதுவது என் வேலை. கயிற்றுக்கு வெளியே இருப்பதைப் பார்க்கக்கூடாது. மேசை ஆறடிக்கு மூன்றரை அடி இருந்தது. கயிறு கட்டியதைப் போலவே இருந்ததால் எனக்கு வசதியாகப் போயிற்று.

முதல் வருடம் பதினொரு வீடு. அடுத்த வருடம் இருபத்தொன்பது. வேலூருக்கு எந்த வேலையாகப் போனாலும் ஒரு பெட்டி கல் வாங்கிவருவேன். போன வருடக் கடைசியில் நாற்பத்தாறு வீடு, ஒரு பஸ் நிறுத்தம், பட்டுச் சங்கக் கடை ஒன்று, பதினாலு தென்னை, முப்பத்தோரு படி வைத்த சாம்பல் நிறக் குன்று. கிழக்கு ஓரத்தில் களம்பூரில் இருப்பது போல ஒரு ரைஸ் மில், அதன் வாசலில் ஒரு லாரி. மனிதர்கள் இல்லை. பெட்டிகளில் மொத்தம் ஒன்பது பொம்மை மனிதர்கள் வந்தார்கள். ஒன்பது பேரும் தீயணைப்பு வீரர்கள். நாற்பத்தாறு வீட்டுக்கு ஒன்பது தீயணைப்பு வீரர்கள் மட்டும் என்பது பொருத்தமாகப் படவில்லை. டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.

மேசையை யாரும் தேடவில்லை. மகள் வாங்கிக் கொடுத்து ஆறு வருடம் ஆகியும் நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். எங்களுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவோம். மேசையில் ஊர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் மனைவிக்கு ஒன்றுதான்.

அக்டோபரில் அது மாறியது. வேலூரில் அவளுக்கு வலது முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். தரையில் உட்காரக்கூடாது. காலை மடக்கி நீட்ட வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு இருநூறு அடி நடக்க வேண்டும். நடக்காவிட்டால் முட்டி இறுகிவிடும், பிறகு மடங்காது என்று கடைசியை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் வீட்டில் நடக்கிற அளவுக்கு நீளம் உள்ளது மேசை இருக்கும் கூடம் மட்டும்தான். பதினெட்டு அடி. படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நான்கு அடி வைக்கலாம். வாசல் மழையில் வழுக்கும். ஆகவே கூடத்தில் நடந்தாள். அடியை எண்ணுவது என் பொறுப்பு. சாப்பிட மேசையின் தென்மேற்கு மூலையில் பதினாலு அங்குலம் ஒதுக்கிக் கொடுத்தேன். அதில் இரண்டு வீடும் ஒரு கிணறும் போயின. அந்த இரண்டு வீட்டையும் குன்றுக்குப் பின்னால் மறுபடி கட்டிக்கொண்டேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி வந்தவை எறும்புகள். சின்னக் கறுப்பு எறும்பு, கடிக்காத வகை. மேசைக் காலில் ஏறி, பஸ் நிறுத்தத்தைக் கடந்து, ரைஸ் மில்லுக்குள் போய்க்கொண்டிருந்தன. நிமிஷத்துக்கு அறுபத்து நான்கு. சில வெள்ளையாக முட்டையைத் தூக்கிக்கொண்டு போயின. மழைக்குத் தோட்டத்தில் இருந்த புற்று நனைந்திருக்க வேண்டும். ரைஸ் மில்லின் கூரைக் கற்கள் அடியில் குழிவானவை. ஒரு கல்லுக்கு எட்டு அறை.

மனைவி வாக்கரோடு வந்து அறை வாசலில் நின்றாள்.

"இன்னாங்க, தரையில கோடு மாதிரி ஏதோ போவுது."

எறும்பு என்றேன். நடக்கும் பாதைக்குக் குறுக்கே சமையலறை வரைக்கும் வரிசை இருந்தது.

"எனக்குக் குனிஞ்சி பாக்க வராது. வாக்கர் கால எங்க வெக்கறேன்னும் தெரியாது. நான் நடக்கல." திரும்பி நான்கு அடி வைத்து, கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் முன்னால் பெருக்கிக்கொண்டே போகிறேன், நீ பின்னால் வா என்றேன். பெருக்கினால் சாகாதா என்று கேட்டாள். மில்லை அப்படியே தூக்கித் தோட்டத்தில் வைக்கிறேன் என்றேன். மில்லும் ஒன்பது வீடும் ஒரே அடித்தட்டில் பொருத்தியவை. தட்டைப் பெயர்த்தால் அடியில் இருப்பது நசுங்கும். வெளியே மழை வேறு. முட்டையோடு வந்திருப்பவர்களை மழையில் விடுவதா என்றாள். அவள் எறும்புகளை அஃறிணையில் பேசுவது குறைவு.

அன்று மதியம் கட்டிலிலேயே தட்டை வைத்துச் சாப்பிடும்போது, திறந்த கதவு வழியாக மேசையின் கிழக்குப் பக்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மில்லுக்கு முன்னால இருக்கிறது இன்னா?"

"நெல் காயவெக்கிற களம்."

"களத்துல?"

"நொய்."

"ஊரு பூரா பிளாஸ்டிக்குல செஞ்சீங்க. அத மட்டும் நெசமா போட்டீங்களா?"

ஒரு ஸ்பூன்தான் போட்டேன் என்றேன். டப்பாவில் ஒரு ஸ்பூன் குறைந்தது அவளுக்கு அப்போதே தெரியுமாம். என்னத்துக்கோ எடுத்திருக்கிறார் என்று விட்டுவிட்டாளாம். சாப்பிட்டு முடித்ததும் பெயின்ட் பிரஷ்ஷால் நொய்யைத் துடைத்து எடுத்தேன். எறும்புகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவற்றுக்கு வீடு அமைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பட்டுத் தறி வைத்திருக்கிறார். மாலையில் வந்து பார்த்தார்.

"சாக்பீஸ் மருந்து இருக்குது சார். ஒரு கோடு இழுத்தா பத்தே நிமிசம், ஊரே காலி."

எங்கள் வீட்டில் அது ஆகாது என்பது அவருக்குப் பல வருடமாகத் தெரியும். கேட்டுப்பார்ப்பதில் நஷ்டம் இல்லை என்று கேட்டார். உள்ளேயிருந்து என் மனைவி அவருக்குக் காபி வேண்டுமா என்று கேட்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் மேசையின் நான்கு காலுக்கும் அடியில் நான்கு கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். இனிப்புப் பாத்திரத்துக்கு எல்லாரும் செய்வதுதான். தரையில் வரிசை ஒரு மணி நேரத்தில் நின்றது. மனைவியைக் கூப்பிட்டேன். எண்பத்தாறு அடி நடந்தாள். எண்பத்தேழாவது அடியில் வடக்குப் பக்கக் கிண்ணத்தைப் பார்த்து நின்றாள். நான் போய்ப் பார்த்தேன். ஏழு எறும்பு மிதந்தது.

"வர்றவங்கள மறிச்சீங்க, சரி. மேல இருக்கிறவங்க போறதுக்கு வழி எங்க வெச்சீங்க?"

நான் வைக்கவில்லை. மேசை நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தீவாகிவிட்டது. மேலே இருந்தவை தோட்டத்துக்குப் போகத் தண்ணீரில் இறங்கின. கிண்ணங்களை எடுத்தேன். மாலைக்குள் தரையில் பழையபடி வரிசை ஓடியது. அவள் பழையபடி கட்டிலில் இருந்தாள்.

ஆகவே பாலம். மேசை ஓரத்திலிருந்து ஜன்னல் விளிம்புக்கு நூற்றிருபத்தேழு சென்டிமீட்டர். ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம், அதன் கீழே பழைய புற்று. பாலம் தரையைத் தொடக்கூடாது. தொட்டால் தூண் வழியாக இறங்கிவிடுவார்கள். கூடத்து உத்தரத்தில் மகளுக்குத் தூளி கட்டிய கொக்கி இன்னும் இருந்தது. அதிலிருந்து தொங்கவிடலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் கயிறு கேட்டேன். பட்டு நூலை எட்டு இழையாக முறுக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கல்லுக்கு எங்கே போவது? இருந்த கல் எல்லாம் ஊரில் இருந்தது. மேற்குத் தெருவிலிருந்து வீடுகளைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒரு வீட்டுக்குச் சராசரி முப்பத்தெட்டு கல். ஒரு வரிசையில் கட்டிப் பார்த்தேன், நடுவில் தொய்ந்தது. மூன்று வரிசையாக மாற்றினேன்; எடை கூடியது, நூலை இன்னும் இரண்டு இடத்தில் கட்ட வேண்டியிருந்தது. நான்காம் நாள் ஒரு முனை கழன்று விழுந்தது. அறுபத்தொரு கல்லைத் தரையில் எறும்பு இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். பிறகு அகலம் போதாது என்று தோன்றியது. எதிரெதிரே இரண்டு வரிசை போக இடம் வேண்டும். ஓரத்தில் கைப்பிடிச் சுவரும் வைத்தேன். பஸ் நிறுத்தம் போயிற்று. குன்றில் பாதி போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். "சார் கட்டிகினே இருக்கிறாரு. திறப்பு விழாவுக்கு மந்திரி யாராவது வர்றாரா?" என்று உள்ளே இருந்த என் மனைவியிடம் கேட்டார். அவருக்கு முதலில் பத்திரிகை வைக்கிறோம் என்று அவள் சொன்னாள்.

ஆறாம் நாள் மதியம் பாலம் முடிந்தது. பத்தொன்பது வீடு அதற்குள் இருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு துண்டு வெல்லம் வைத்தேன். கிண்ணங்களை மறுபடி கால்களுக்கு அடியில் வைத்து, எறும்பு தண்ணீருக்குள் வழுக்கி விழாதபடி ஒவ்வொரு காலிலும் கிண்ண விளிம்புக்கு மேலே துணி சுற்றிக் கட்டினேன். மனைவியைக் கூப்பிட்டேன். அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள்.

"நல்லா இருக்குது. ஒட்டடைக் குச்சி ஒண்ண எடுத்துச் சாத்தியிருந்தாலும் போயிருப்பாங்க இல்ல?"

ஒட்டடைக் குச்சி ஏழடி நீளம். கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"முதல் நாள் சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க ஸ்கேல எடுத்துட்டீங்க."

ஸ்கேலைக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்தேன்.

முதல் எறும்பு பதினொன்று இருபதுக்கு, மறுநாள் காலையில், பாலத்தில் ஏறியது. பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் பதினேழு போயின, ஒன்பது திரும்பின. மாலையில் எண்ண முடியாத அளவுக்கு வரிசை கட்டியது. மூன்றாம் நாள் மழை விட்டு வெயில் வந்தது. அன்றுதான் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தன. கைப்பிடிச் சுவரை எந்த எறும்பும் பயன்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அதன் மேல்தான் நடந்தன. நான் போட்ட அகலமான பாதை காலியாகக் கிடந்தது. நான்காம் நாள் மதியம் இரண்டு மணி நேரம் ஒன்றுகூட வரவில்லை. மில்லின் கூரையைப் பிரித்துப் பார்த்தேன். எல்லா அறையும் சுத்தமாக இருந்தது. கிண்ணங்களைப் பார்த்தேன். இரண்டு மட்டும் செத்திருந்தன. மனைவியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு வாக்கரை எடுத்துத் தரச் சொன்னாள்.

இருநூறு அடி என்று நான் நினைத்தேன். நாற்பத்திரண்டில் நின்றாள். கால் மரக்கட்டை மாதிரி வருகிறது என்றாள். நாற்காலியில் உட்காரவைத்தேன். முட்டி பாதிகூட மடங்கவில்லை. எறும்பு வந்த நாளிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அதில் எண்பத்தாறு அடி நடந்திருந்தாள். மற்றவற்றை எண்ணினேனே தவிர இதை எண்ணவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. "அம்மா முட்டிய விட்டுட்டு பாலம் கட்டிகினு இருந்தீங்களாப்பா?" என்றாள். அம்மா இருக்கும் அறைக்குக் கேட்காதபடி போனை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய், ஆமாம் என்றேன்.

பஜாருக்குப் பக்கத்தில் ஒரு பிசியோதெரபி பெண் இருக்கிறாள். முதல் நாள் அவள் ஒரு கோணமானியை முட்டியில் வைத்து எழுபது டிகிரி என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது எண்பத்தைந்து இருந்தது. ஏன்மா, வீட்டில் நடக்கவில்லையா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்.

"மழைங்க. நடக்க எடமில்ல."

திரும்பும்போது ஆட்டோவில், நொய்யால் வந்தது என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா முட்டி மடங்கிடுமா?"

அந்தப் பெண் காலைப் பிடித்து மடக்கும்போது என் மனைவி சத்தம் போடமாட்டாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் பதினைந்து மடக்கு. நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாக எண்ணினேன். இரண்டாவது தடவை எழுபத்தெட்டு டிகிரி. ஐந்தாவது தடவை தொண்ணூறு. அன்று அவளை வீட்டில் விட்டுவிட்டுப் பாலத்தைப் பிரித்தேன். பிறகு மீதியிருந்த இருபத்தேழு வீட்டில் பதினெட்டைப் பிரித்தேன். அவள் வேண்டாம் என்றாள். பதினாலு அங்குலம் தட்டுக்கும் டம்ளருக்கும் போதும் என்றாள். இப்போது மேசையில் முக்கால் பங்கு காலி. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஐந்தரை மணிக்குச் சாப்பிடுகிறோம்.

பத்தாவது தடவை நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. இனி வர வேண்டாம், வீட்டிலேயே நடந்தால் போதும் என்று அந்தப் பெண் சொன்னாள். என் மனைவி வாக்கர் இல்லாமல், என் தோளில் ஒரு கை வைத்து ஆட்டோ வரைக்கும் வந்தாள். முப்பத்து மூன்று அடி. ஏறி உட்கார்ந்ததும், எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். தடவைக்கு முந்நூற்றைம்பது வீதம் பத்து தடவைக்கு மூவாயிரத்து ஐந்நூறு, ஆட்டோவுக்குப் போகவர நூற்றறுபது வீதம் ஆயிரத்து அறுநூறு. ஒரு ஸ்பூன் நொய்க்கு மொத்தம் ஐயாயிரத்து நூறு ரூபாய் என்றேன்.