பானட்டில் தடவிய வேப்பெண்ணெய்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. சாட்சியாக நின்றால் போதும்.

நேற்று கும்பகோணம் சாலையோரப் பட்டறையில் பழைய கார் ஒன்றுக்கு, பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

அப்பாவின் அம்பாசிடருக்கு பெயின்ட் அடிக்க வந்த காதர் பாய், முன்பக்க மூடியான பானட்டைத் துரு போகத் தேய்த்து, தின்னரால் துடைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பினார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. குறுவை அறுப்பு முடிந்ததும் அரிவாள்களுக்கு எங்கள் வீட்டில் வேப்பெண்ணெய் தடவி வைப்பார்கள். பானட்டும் இரும்புதானே, துருவேறுமே என்று யாரிடமும் சொல்லாமல் அதற்கும் தடவினேன்.

மறுநாள் அடித்த பிரைமர் குழிகுழியாக விலகியது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார். காய்ந்ததும் தோலாக உரிந்தது.

“மட்டமான பிரைமரை என் தலையில கட்டுறீங்களா பாய்?” என்றார் அப்பா, தெருவே கேட்கும்படி.

“இரும்புல எண்ணெய் ஏறியிருக்குங்க. யாரு தடவுனா?”

“ஆமா, தீபாவளின்னு வண்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினோம்.”

தெரு சிரித்தது. நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் எங்கள் ஊரில் யாரும் பாயை வேலைக்கு அழைக்கவில்லை.

இப்போதெல்லாம் பட்டிமன்ற மேடையில் எதிரணியை வாயடைக்கச் செய்பவன் நான். அந்தத் திமிரோடுதான் பட்டறையிலிருந்து நேரே பாயின் வீட்டுக்குப் போய், அவர் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“அத்தா மவுத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. தன் கைதான் தப்புப் பண்ணிடுச்சோன்னு கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இத இப்ப யாருக்குச் சொல்ல வந்தீங்க?”

இறந்தவருக்கு எட்டாது என்று தெரிந்தும் உரக்கச் சொன்னேன்:

“எங்க தெருவுல, எங்க அப்பா முன்னாடி நின்னு, தடவுனது நான்தான்னு சொல்லிடுறேங்க அக்கா.”