நடக்கும் முன்பே நன்றி சொன்ன ஞானமுத்து அண்ணன்

எதிர்வீட்டு மெர்சி அக்காவின் போன் வந்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வீட்டுக்காரரின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இதய ஆபரேஷனுக்கு அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். "வசந்தா, அண்ணன் போயிட்டாரும்மா. காபி குடிச்சார், நாற்காலியில சாஞ்சார், அவ்வளவுதான்" என்றார் அக்கா. குரலில் அழுகை இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "செல்வராஜ்கிட்ட இப்ப சொல்லாதே. உள்ளே போனப்புறம் சொன்னா போதும்னு அண்ணன் சொல்லியிருக்கார்" என்று வைத்துவிட்டார். இறந்தவர் அதை எப்போது சொன்னார் என்ற கேள்வி எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"யாரு போன்ல?" என்று வண்டியில் படுத்தபடியே இவர் கேட்டார். "மெர்சி அக்கா. தைரியமா போயிட்டு வரச் சொன்னாங்க" என்றேன். பொய்தான். இவர் தலையை ஆட்டினார், கதவு மூடியது. அக்காவின் வீட்டுக்காரர் ஞானமுத்து அண்ணனுக்காக அழுவதா, உள்ளே இருப்பவருக்காகப் பயப்படுவதா என்று தெரியாமல் அன்று மாலைவரை அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூர் காக்ஸ் டவுன்காரர்களுக்கு அண்ணனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர் என்பதைவிட, சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் போடுகிறவர் என்றால்தான் பலருக்கு ஞாபகம் வரும். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பண்டிகை. அவரவர் கொண்டுவந்து படைத்த பூசணிக்காய், வாழைத்தார், கோழி, கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பங்களுக்கு இடையே மகாபாரதமே நடத்திவிடுவாராம் அண்ணன். அன்று மதியம் அவர் வீட்டில் ஊருக்கே பிரியாணி. நாங்கள் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பே அதெல்லாம் முடிந்துவிட்டது. அக்காவின் முட்டி தேய்ந்தது, அண்ணனின் தொண்டை போனது. "நன்றி சொல்றதுக்கு வாய் போதும், அண்டா எதுக்கு?" என்று ஒரு வருஷம் திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். பிரியாணிக்காகக் கோபித்துக்கொள்கிறவர்கள் கொஞ்ச நாளில் வேறு பிரியாணி கிடைத்ததும் சரியாகிவிடுவார்கள் என்பது அக்காவின் கணக்கு, அது சரியாகவே இருந்தது.

நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள். என் வீட்டுக்காரர் செல்வராஜ் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து ஓய்வும் பெற்றார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கடைசிக் காலத்துக்கு என்று நாங்கள் பிடித்த வாடகை வீடு, அண்ணன் வீட்டுக்கு எதிரே பல வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது அக்கா பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தார். "வந்துட்டீங்களா? எதிர்வீட்டுல விளக்கு எரியுது, நல்ல மனுஷங்க குடிவந்தாங்கன்னு போன பண்டிகையிலேயே இவர் உங்களுக்கு நன்றி சொல்லிட்டார்" என்றார், பால்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டதைச் சொல்வது போல. அந்தப் பண்டிகையின்போது நாங்கள் பெங்களூரில் வீடு மாற்றும் யோசனையிலேயே இல்லை. அக்கா போனதும், "நல்ல இடத்துல வந்து மாட்டினோம், ரெண்டும் மறை கழண்ட கேஸ்" என்று இவரிடம் சொன்னேன்.

அந்த வருஷத்திலிருந்து பண்டிகை மதியம் அவர்கள் மேஜையில் எங்களுக்கும் இடம். "விருந்து இல்லே வசந்தாம்மா, சும்மா சாப்பாடு" என்பார் அண்ணன். அந்தச் சும்மாச் சாப்பாட்டைப் போல நான் வேறெங்கும் ரசித்துச் சாப்பிட்டதில்லை. காலையில் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு இரண்டு பேரும் ஆட்டோவில் திரும்பிவிடுவார்கள். கேட்டைத் தாழிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே உருளைக்கிழங்கு சீவுவார், தடிமனாக இருக்கிறது என்று அக்கா குறை சொல்வார். ரசம், வறுவல், அப்பளம், வாழைப்பழம். சாப்பிட்டதும் அண்ணன் கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார், அக்கா பக்கத்தில் சாய்வு நாற்காலியில். சர்ச்சு ஒலிபெருக்கியிலிருந்து புது ஏலக்காரரின் குரல் காற்றில் வரும். "அவசரப்படறான். கோழியை இன்னும் கொஞ்சம் விட்டுப் பிடிச்சிருக்கலாம்" என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார் அண்ணன். தெருவே சர்ச்சுக்குப் போயிருக்கும், ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. அந்த அமைதி எனக்குப் பிடித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் அவர் ஜெபம். சாப்பாட்டுக்கு முன் அந்த வருஷம் கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்வார். மழை, மாத்திரை, தண்ணீர் லாரி எதையும் விடமாட்டார். கடைசியாக, இன்னும் நடக்காத ஒன்றுக்கும் நன்றி சொல்வார். "நடந்ததுக்குச் சொல்றது கடன் அடைக்கிறது. நடக்காததுக்குச் சொன்னாத்தான் விசுவாசம்" என்பார். யோசித்து வைத்துக்கொண்டு சொல்வதில்லை, வாயில் வந்ததைச் சொல்வது. அது நடந்தும்விடும், ஆனால் நேராக நடக்காது. அவர்கள் ஒரே மகள் ஷீலா மஸ்கட்டில் கணவனோடு நன்றாக இருந்த காலத்தில், "ஷீலா பத்திரமா வீடு வந்து சேர்ந்ததுக்காக ஸ்தோத்திரம்" என்றார். மகள் லீவில் வருகிறாள் என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். சில மாதம் கழித்து ஷீலா பெட்டிகளோடு வந்து இறங்கினாள். கன்னத்தில் ஆறிக்கொண்டிருந்த காயம் இருந்தது. அக்கா அண்ணனோடு பல நாள் பேசவில்லை. "நான் நன்றிதான் சொன்னேன் மெர்சி, வரவழைக்கலை" என்று அவர் கெஞ்சியதை நான் கேட்டிருக்கிறேன். ஷீலா இப்போது ஹைதராபாத்தில் வேலையில் இருக்கிறாள், தலை நிமிர்ந்து இருக்கிறாள். வராமல் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு அக்காவே கேட்டார்.

போன வருஷப் பண்டிகைக்குச் சில வாரம் முன்னால்தான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், தள்ளிப்போட்டால் எந்த நேரத்திலும் எதுவும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பண்டிகை முடியட்டும், படுத்துக்கொள்கிறேன் என்று இவரும் ஒத்துக்கொண்டிருந்தார். அந்த மதியம் நாங்கள் நாலு பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மழையிலிருந்து தொடங்கி எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னார். கடைசியில், "அடுத்த வருஷம் இந்த மேஜையில உட்கார்ந்து வயிறார சாப்பிட்ட மூணு பேருக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. அண்ணன் கண்ணைத் திறந்து, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் முகத்தில் வந்து நின்றது பார்வை. "மெர்சி, நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டார். "ரசம் ஆறுது, சாப்பிடுங்க" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் இவர், "ஆபரேஷன் வேணாம்" என்றார். சாமி கும்பிடாதவர், தொழிற்சங்கக் கூட்டத்தில் மூடநம்பிக்கையைக் கிழித்துப் பேசியவர். ஆனால் சுரங்கத்து மனுஷர். பூமிக்குள் இறங்கும் கூண்டில் கால் வைக்கும்போது மனசு வேண்டாம் என்றால் அன்று இறங்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கூலி போனாலும் போகட்டும் என்று திரும்பிவிடுவார்கள், மேஸ்திரியும் ஏன் என்று கேட்கமாட்டார். "மனசு வேணாங்குது வசந்தா. படுத்தா எழமாட்டேன்" என்றார். எனக்கு அண்ணன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல. அவர் வாயைப் பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அந்த வருஷம் முழுக்க நாங்கள் சாவுக்குத் தயாரானோம், ஆளுக்கு ஒரு பக்கமாக, ஒருவருக்கொருவர் தெரியாமல். போகப்போவது இவர் என்று நினைத்து, இவர் தூங்கும்போது மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான். இவரோ எனக்குக் காஸ் புக் பண்ணவும் கரண்ட் பில் கட்டவும் போனில் சொல்லிக்கொடுத்தார். போகப்போவது தான்தான் என்று முடிவு கட்டிக்கொண்ட மெர்சி அக்கா நல்ல புடவைகளையெல்லாம் தெருவில் தானம் செய்துவிட்டார். அதில் ஒரு பச்சைப் பட்டு எனக்கு வந்தது, ஏதோ பிரியத்தில் கொடுக்கிறார் என்று வாங்கிக்கொண்டேன். அண்ணன் மட்டும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பார்வை அங்கே இருந்தது.

இந்த வருஷம் பண்டிகை நெருங்கிய சமயம். ஒரு மதியம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. நாற்காலியை இழுத்து இவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "செல்வா, உங்க சுரங்கத்துல ஒருத்தன் ஷிப்டுக்கு பதிலா இன்னொருத்தன் இறங்கறது உண்டா?" என்று கேட்டார்.

"உண்டுண்ணே. மேஸ்திரி ஒத்துக்கணும்."

"ஒத்துக்கிட்டார்" என்றார் அண்ணன்.

எங்களுக்குப் புரியவில்லை. "யாருண்ணே ஒத்துக்கிட்டது?" என்று நான்தான் கேட்டேன். அவர் மேலே கை காட்டினார். "ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடின்னேன்" என்று சொல்லிச் சிரித்தார். பஸ்ஸில் சீட்டுக்குக் கேட்பதைப் போல, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று அவர் கன்னடத்தில் கடவுளிடம் கேட்டதை நினைத்து நாங்களும் சிரித்துவிட்டோம். எழுந்து போகும்போது இவர் தோளைத் தட்டி, "அந்த மூணு பேர்ல நீ இருக்கே. போய்ப் படு" என்றார். மறுநாள் காலையில் இவர் தானாகவே, "மனசு சரியா இருக்கு வசந்தா. டாக்டர்கிட்ட பேசு" என்றார். நான் சந்தோஷத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை அவர்கள் வீட்டில் நடந்ததைப் பிறகுதான் அக்கா சொன்னார். காபி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணன், "மெர்சி, செல்வா உள்ளே போனப்புறம் சொன்னா போதும்" என்றாராம். "எதைச் சொல்லணும்?" என்று அக்கா கேட்டாராம். அதற்குள் அண்ணன் நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். அண்ணனுக்கும் இதயம்தான் என்று டாக்டர் சொன்னாராம். அவருக்கு நெஞ்சுவலி என்று ஒரு நாளும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகுதான் இவரிடம் சொன்னேன். தையல் போட்ட நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இவர் அழுததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "என் ஷிப்டு வசந்தா, அது என் ஷிப்டு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தற்செயல் என்று சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எவ்வளவோ விளக்கம் சொன்னவள், என் குரலை நானே நம்பவில்லை.

பண்டிகை வந்தது. வழக்கம்போல வாருங்கள் என்று அக்கா சொன்னபோது போகத்தான் வேண்டுமா என்று இருந்தது. அந்த எண்ணிக்கையை எப்படியாவது பொய்யாக்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு. ஷீலாவை வரச் சொன்னேன், டிக்கெட்டும் போட்டாள். கடைசி நேரத்தில் ஆபீஸில் விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அன்று காலையில் அவருக்குக் காய்ச்சல். அக்கா நாலு தட்டு வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். அண்ணன் நன்றி சொன்ன அதே மூணு பேர் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

அக்கா மழைக்கும் மாத்திரைக்கும் நன்றி சொன்னார். ஆபரேஷன் நன்றாக முடிந்ததற்குச் சொன்னபோது மட்டும் குரல் உடைந்தது. பிறகு நிறுத்திவிட்டு, "நடக்காதது ஒண்ணுக்கு யாராவது சொல்லுங்க. என்னால முடியலை" என்றார். இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் நடந்துவிடுமே என்ற பயம் எனக்கு. சொல்லாமல் விட்டால் அதைவிடப் பயமாக இருந்தது.

"அடுத்த வருஷம் இங்க சாப்பிட்டதுக்கு நன்றி" என்றேன்.

"எத்தனை பேர்னு சொல்லு வசந்தா" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

மேஜைக்கு அடியில் இவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். "மூணு பேரும்" என்றேன்.

வாழ்நாளில் முதல்முறையாக என் வீட்டுக்காரர் ஆமென் சொன்னார். நாங்கள் சாப்பிட்டோம், வயிறாரத்தான் சாப்பிட்டோம்.

ஞானமுத்து அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். காலையில் விழிப்பு வந்தாலும் நான் உடனே கண்ணைத் திறப்பதில்லை. இவர் எழுந்துபோய்க் கொல்லையில் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை மூடிக்கொண்டே கிடக்கிறேன். சத்தம் கேட்டதும் வாய்விட்டு நன்றி சொல்கிறேன். அது கடவுளுக்கா, அண்ணனுக்கா என்று நான் விசாரித்ததில்லை.