பாவ்னிச் சுவரில் ஒரு புதுப் படம்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் நிற்கிறேன். சுவர் முழுக்க அமெரிக்கப் பழங்குடிகளான பாவ்னி மக்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அவர்கள் என்றோ அழிந்துபோனவர்கள் என்பதுபோல் கீழே குறிப்பு.

ஒக்லஹோமாவிலிருந்து வந்திருக்கும் பாவ்னிப் பெண் ஒருவர், தன் கொள்ளுத்தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் தன் படமும் தொங்க வேண்டும் என்று காலையிலிருந்து வாதாடுகிறார். மதியம் நிர்வாகி ஒருவழியாகச் சம்மதிக்கிறார்.

படமெடுக்க வருபவர் அதே நாட்டின் பிரெடெரிசியா நகரில் கல்யாணப் படங்கள் எடுக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"அண்ணே, பழைய படத்துல யாருமே சிரிக்கலையே. இவங்களும் அப்படித்தான் நிக்கணுமா?" என்கிறேன்.

"ஏன் தம்பி? வாதாடி வெண்ட மனுசியெல்லோ! வடிவாச் சிரிக்கட்டும்."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறார். மாலைக்குள் படம் சுவரில் ஏறுகிறது. உள்ளே வருகிற கூட்டம் முதலில் அதன் முன்னால்தான் நிற்கிறது.