கடைசியாக வரச் சொன்னார்கள்

முதலில் வந்தது அக்கி. இடது விலாவில் கொப்புளம் கொப்புளமாக, நெருப்பு பட்ட மாதிரி. பம்மலில் காவி குழைத்து அக்கி எழுதுகிறவரிடம் போனோம். வற்றியது, திரும்பவும் வந்தது. கூடவே நாக்கில் வெள்ளையாகப் படிந்தது. தாம்பரத்தில் ரத்தம் சோதித்தார்கள். எச்.ஐ.வி.

இதைச் சொன்னாலே எல்லாரும் முதலில் "எப்படி வந்தது?" என்றுதான் கேட்பார்கள். நான் இங்கேயும் சொல்லப்போவதில்லை. சர்க்கரை வந்தவரிடம் யாராவது அப்படிக் கண்ணைச் சுருக்கிக் கேட்கிறார்களா?

எட்டாவதோடு நின்றவள் நான். எனக்குப் புரிந்தது இதுதான். சி.டி.4 (நோயை எதிர்க்க மற்ற அணுக்களை ஏவிவிடும் வெள்ளை அணு) என்று ஒன்று. இந்தக் கிருமி அதற்குள்ளேயே புகுந்து, பெருகி, அதையே கொல்கிறது. காவல் குறைந்தால், உள்ளே சும்மா கிடக்கும் அக்கிகூட எழுந்துவிடும். ஏ.ஆர்.டி. (கிருமியைப் பெருகவிடாத கூட்டு மாத்திரை) விடாமல் போட்டால் காவல் திரும்பும். எனக்குத் திரும்பியது.

பயம்தான் போகவில்லை. சும்மா சும்மா ஜுரம் பார்ப்பேன். "வுடுடி, தெர்மாமீட்டருக்கே ஜுரம் வந்துடப் போவுது" என்பார் வீட்டுக்காரர். அவருக்குக் கிருமி இல்லை.

என் நாத்தனார் வாய் சும்மா இருக்கவில்லை. சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் கோயில் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. திருவிருந்துக்கு (அப்பமும், ஒரே கிண்ணத்தில் திராட்சரசமும் வாங்கும் ஆராதனை) இனிமே கடைசியா வாங்க. ஒரே கிண்ணம் பாருங்க, ஜனங்க பயப்படுறாங்க."

"வேற கோயிலுக்குப் போயிக்கலாம், கம்முனு வா" என்றார் வீட்டுக்காரர். எதற்குப் போக வேண்டும்? ஞானஸ்நானமும் கல்யாணமும் எனக்கு அங்கேதான் நடந்தன.

ஆனாலும் உள்ளுக்குள் உதறல். டாக்டரிடம் கேட்டேன்.

"எச்சில்ல இது பரவாதும்மா. உங்க வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) சோதனைக்கே தெரியாத அளவுக்கு இறங்கிடுச்சு. அந்தக் கிண்ணத்துல யாரோட சளியாவது உங்களுக்கு ஒட்டுனாத்தான் உண்டு."

அப்போது வந்தது பாருங்கள் கோபம்! என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்களாம்.

அடுத்த திருவிருந்தில் முதல் வரிசையோடு எழுந்தேன். பீடத்தின் முன் முழங்காலிட்டதும் பக்கத்திலிருந்தவர் சடாரென்று எழுந்து அந்தக் கோடிக்குப் போனார். அவர் கமிட்டிக்காரரின் மனைவி. நான் எழவில்லை. போதகர் கிண்ணத்தை நீட்டினார். குடித்தேன். அவர் எப்போதும்போல விளிம்பைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்தார். கோடிக்குப் போன அந்தம்மாவும் அதே கிண்ணத்தில்தான் குடித்தார்.

முன்பெல்லாம் இந்த உடம்பு அடுத்த மாதம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அடுத்த திருவிருந்து எப்போது என்று கேட்கிறேன். நடுக்கம் இருக்கிறது, இருக்கட்டும். நடுங்கிக்கொண்டே முதல் வரிசையில் போவேன்.