பன்னிரண்டாவது கம்பம்

கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு நெரீடா டன்க்லி அணைத் தண்ணீரின் அளவுப் பலகை முன் குனிந்து நிற்கிறாள். காலை ஆறே கால். நேற்றுத் தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு துணிக்கிளிப் மாட்டியிருக்கிறாள். கிளிப்புக்கும் இன்றைய தண்ணீருக்கும் நடுவே விரலைப் படுக்கவைத்துப் பார்க்கிறாள். ஒரு விரல் போகிறது. கிளிப்பைக் கீழே இறக்கி மாட்டுகிறாள். பலகையில் எண்கள் உண்டு. அவற்றை அவள் படிப்பதில்லை. அவை மாதத்துக்கு ஒருமுறை சிட்னியிலிருந்து வருகிற நீர்த்துறை ஆளுக்கு. கூலபின் ஊருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: கூடவா, கம்மியா?

ஏழு மணிக்கு வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தான் வேலை செய்யும் பேக்கரியின் வாசல் கரும்பலகையில் எழுதுவாள்: நேற்றைவிடக் கம்மி. மூன்று வருஷமாக இதே எழுத்து. ஆனாலும் தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் எழுதுவாள்.

"அழிச்சு அழிச்சு அதையேதான எழுதுற? அப்படியே விட்டா என்ன?" என்பான் கடைக்காரன் வாஸ்.

"அது நேத்தோட கம்மி. இது இன்னிக்கோடது."

எட்டு மணிக்குச் சாசேஜ் ரோல் வாங்க வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, அவரவர் கம்மியைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். போன வருஷத்தில் பாதிகூட இல்லை புல். சர்ச்சுக்கு வருகிற ஆளைவிட ஈ அதிகம். ஆடு வளர்க்கும் க்ளெம் ஒருநாள், "எங்கிட்ட மிச்சம் இருக்கிற ஆட்டைவிட என் வாயில பல்லு ஜாஸ்தி. பல்லு மூணுதான்," என்றார்.

"பல்லைவிட உனக்கு வாய் ஜாஸ்தி. காப்பி ஆறுது, குடி," என்றாள் நெரீடா.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஊரே தண்ணீர் கூட வேண்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்திக்கு மட்டும் கம்மி வேண்டியிருந்தது. அது ஊருக்குத் தெரியும். யாரும் அவள் முன்னால் அதைப் பேசியதில்லை.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், அணை நிரம்பிக்கொண்டிருந்த குளிர்காலத்தில், அவள் அக்கா கோரல் ஒரு மூடுபனிக் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனாள். வயது பத்தொன்பது. சிட்னிக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், ஆகவே போய்விட்டாள் என்றார்கள். கடிதம் இல்லை. அவள் போன பழைய ரோடு அந்த மாதமே தண்ணீருக்குள் போயிற்று. அக்கா தங்களை விட்டுப் போனாளா, தண்ணீருக்குள் போனாளா என்பதுதான் நெரீடாவுக்குத் தெரியவேண்டும். அம்மா அது தெரியாமலே செத்தாள்.

பழைய ரோட்டோரம் நெஞ்சுயர வெள்ளைக் கம்பங்கள், ஆற்று வளைவுவரைக்கும். தண்ணீர் குறையக் குறைய அவை ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. முதலில் தெரிவது உச்சி மட்டும். யாரோ மூச்சடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து எழுந்திருப்பதுபோல. ஊர் கம்மியை எண்ணிய நாட்களில் அவள் மனசுக்குள் கூடியதை எண்ணினாள். ஆறு. போன மாதத்தைவிட இரண்டு கூட. எட்டு. பதினொன்று.

சின்ன வயதில் பள்ளிக்கூட பஸ் ஜன்னலில் அக்காவும் தங்கையும் இந்தக் கம்பங்களை எண்ணிச் சண்டை போட்டிருக்கிறார்கள். நெரீடாவுக்குப் பதினொன்று வரும். கோரலுக்குப் பன்னிரண்டு. "உன்னைவிட எனக்கு எப்பவும் ஒண்ணு கூடத்தாண்டி வரும். நீ வளைவுல கண்ணை மூடிக்கிற," என்பாள் கோரல். உண்மைதான். வளைவில் பஸ் சாயும்போது அவளுக்குப் பயம்.

பதினொன்றாவது கம்பம் அடிவரை காய்ந்துவிட்டது. பன்னிரண்டின் தலை வரவில்லை. காலையில் நீர்க்காகங்கள் கம்பத்துக்கு ஒன்றாக உட்கார்ந்து சிறகை விரித்துக் காயும். கம்பங்களைவிடப் பறவை ஒன்று கூட. அந்த மிச்சப் பறவை வேறெங்கும் போகாமல் வளைவுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது, இறங்க இடம் தேடுவதுபோல.

செவ்வாய்க்கிழமை அவள் காலடியால் அளந்தாள். எந்த இரண்டு கம்பத்துக்கும் நடுவே நாற்பது அடி. பதினொன்றிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி எண்ணிக்கொண்டே நடந்தாள். முழங்கால் நனைந்தது. நாற்பதாவது அடியில் பாதத்தில் ஏதோ குத்தியது. குனிந்து தடவினாள். கட்டை. அடியோடு முறிந்து, பிளந்த சிம்புகள் எல்லாம் ஆற்றுப் பக்கமாகவே சாய்ந்திருந்தன. அதற்கப்பால் காலுக்குத் தரை எட்டவில்லை.

பேக்கரியில் வாஸிடம் சொன்னாள்.

"மரம்தான நெரீடா? நாப்பது வருஷத்துல அழுகியிருக்கும்," என்றான் அவன், மெதுவாக.

"பதினொண்ணு அழுகலையே."

அவன் மாவைப் பிசைந்தான். பிறகு அவனே போலீசுக்குப் போன் செய்து கொடுத்தான். முக்குளிக்கிறவர்களோடு திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். தண்ணீர் இப்படியே இருந்தால்.

புதன்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. தகரக் கூரைகளின் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. ஜனங்கள் தெருவில் தொப்பியைக் கழற்றிவிட்டு நனைந்தார்கள். க்ளெம் ரோட்டு நடுவில் மூன்று பல்லும் தெரிய வாயைத் திறந்து மழையைக் குடித்தார். மலைப்பக்கத்து ஓடைகள் எல்லாம் ராத்திரியோடு அணைக்கு வந்து சேர்ந்தன.

வியாழக்கிழமை காலை பேக்கரி வாசலில் கூட்டம். மூன்று வருஷத்தில் முதல்முறையாக வரப்போகிற அந்தச் சொல்லைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. பலகை காலியாக இருந்தது. நேற்றைய எழுத்தையும் மழை கழுவியிருந்தது. கொக்கியில் ஏப்ரன் இல்லை.

"எங்க இவ?" என்றார் க்ளெம். வாஸின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் வண்டியை எடுத்தார்.

அணைக்கரையில் மழை இன்னும் விடவில்லை. துணிக்கிளிப் தண்ணீருக்குள் எங்கோ போயிருந்தது. க்ளெம் வண்டியை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். பழைய ரோடு மறுபடி மூழ்கிக்கொண்டிருந்தது. கம்பங்கள் மட்டும் வரிசையாக, வெள்ளையாக. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பறவை. ஆடு எண்ணுகிற பழக்கத்தில் விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டு வந்தது.

நேற்றைவிட ஒன்று கூட.

மறுபடி எண்ணினார். கடைசிக் கம்பத்தின் மேல் பறவை இல்லை. மற்றவற்றுக்குள்ள அதே இடைவெளியில், வெள்ளை ஏப்ரனில், இடுப்பளவு தண்ணீரில் அது நின்றுகொண்டிருந்தது.

"நெரீடா! தண்ணி ஏறுது, வந்துடு கண்ணு! நெரீடா!"

அவள் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் உடம்போடு இன்னும் இறுக்கமாக ஒட்டவைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தினாள்.