காலி நிலம் என்று கணினி சொன்ன கரை

வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, எது வீடு, எது கடை, எது காலி நிலம் என்று கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எங்கள் தொழில். அது தப்பாகச் சொன்ன இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துத் திருத்துவது என் வேலை. இந்த வரைபடத்தை வைத்துத்தான் எங்கே ரோடு, எங்கே பார்க்கிங் என்று முடிவெடுக்கிறார்கள். ‘காலி’ என்று விழுந்த இடத்தின் கதி அவ்வளவுதான். வெயிலில் தெருத்தெருவாகக் கணக்கெடுக்க அலைந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஒரே கலர்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. கீழே வியாபாரம், நடுவில் சரக்கு, மேல்மாடியில் விற்பனைப் பெண்கள் தங்கும் அறைகள். கணினியோ ஒரு கட்டடத்துக்கு ஒரே கலர்தான் கொடுக்கும். வீடா, கடையா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. திருநெல்வேலிக்காரர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “ராத்திரி வந்தியள்னா வீடு, பகல்ல வந்தியள்னா கடை. ஒங்க கம்ப்யூட்டரு எத்தன மணிக்கு வரும் தம்பி?”

மாடியில் பூங்கா

மயிலாப்பூரில் ஒரு மாமி மொட்டைமாடி முழுக்கத் தொட்டி வைத்துச் செடி வளர்க்கிறார். பச்சையைப் பார்த்ததும் கணினி அந்த வீட்டைப் பொதுப் பூங்கா என்று எழுதிவிட்டது. மாமி என்னை உள்ளேகூட விடவில்லை. “ஆத்துல மனுஷா இருந்துண்டிருக்கோம், பூங்கான்னு போட்டுட்டா நாளைக்கு வாக்கிங் போறவாள்லாம் மாடியேறி வந்துட மாட்டாளோ?”

படகில்லாத படம்

மாமியின் மகன் ஒரு போன் போட்டார். சாயங்காலத்துக்குள் பூங்கா வீடாகிவிட்டது. சாந்தோம் மீனவர் குப்பத்துக் கரைக்காக அப்படிப் போன் போட ஆளில்லை. படகும் வலையும் கடலுக்குப் போயிருந்த ஒரு வேலைநாள் காலையில் எடுத்த படம் அது. மணல் மட்டும் தெரிந்ததால், அத்தனை குடும்பம் பிழைக்கிற இடத்தைக் கணினி காலி நிலம் என்றது.

நான் போனது ஞாயிற்றுக்கிழமை. அந்தக் குப்பத்தில் ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை, மாதா கோயிலுக்குத்தான் போவார்கள். கரையில் கால் வைக்க இடமில்லாமல் படகுகள், வலைகள். பூசை முடிந்து வந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் வலையைக் கீழே போட்டுவிட்டார். “இன்னா சார் அநியாயமா கீது? நீ ஆபீசுக்குப் போன நேரமா பாத்து ஒன் வூட்டைப் படம் புட்சி, காலி மனைன்னு எழுதுனா ஒத்துக்குவியா?”

லீவு நாள்

அடையாறு ஆபீசில் மேலதிகாரி முன்னால் ஞாயிற்றுக்கிழமை போட்டோக்களைப் பரப்பினேன். ஒன்றைக்கூட அவர் கையில் எடுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குப்பத்தையே துடைத்துவிடுவார்கள் சார், ‘காலி’ என்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கத்திவிட்டேன். அவர் ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுச் சொன்னார்: “லீவு நாள் போட்டோவெல்லாம் கொடுத்தா கம்ப்யூட்டர் குழம்பிடும்ப்பா.”

நான் போடாத கையெழுத்தை, சாந்தோம் கரையைக் கண்ணால்கூடப் பார்த்திராத பக்கத்து மேஜைக்காரர் போட்டுக்கொடுத்தார். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் நேரடிச் சரிபார்ப்பு.